பாய்மரப் படகுல இடி விழுந்தா எங்க எங்க பாக்கணும்?

கேள்வி இது: 36 அடி ஃபைபர் பாய்மரப் படகு, நங்கூரம் போட்டு நிக்கும்போது மாஸ்ட் (பாய் கட்டுற கம்பம்) உச்சியில இடி விழுந்திருக்கு. உச்சியில இருந்த விஎச்எஃப் ரேடியோ ஆன்டெனாவ காணோம், காத்து மீட்டர், ரேடார், ஆட்டோபைலட் எல்லாம் போச்சு. ஆனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, பில்ஜ்ல (படகோட அடிப்பள்ளத்துல) தண்ணி இல்ல. எலக்ட்ரானிக்ஸ மட்டும் மாத்திட்டு கிளம்பிடலாமா, இனிமே இடி விழாம இருக்க என்ன வழின்னு கேட்டிருக்கீங்க.

உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருந்தத படிச்சப்பறம் தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நேரா விஷயத்துக்கு வரேன், கிளம்பாதீங்க. படக தண்ணியிலேர்ந்து தூக்கி அடிப்பக்கத்த பாக்காம எங்கயும் போகாதீங்க. நான் படகு எலக்ட்ரிக்கல் வேலை பண்றவன், இடி விழுந்த படகுங்க நிறைய பாத்திருக்கேன், எல்லாரும் ஒரே மாதிரி தான் ஏமாறுறாங்க, மேல கருகிப்போனத பாத்து இவ்ளோ தான் சேதம்னு முடிவு பண்ணிடுறாங்க. மேல கருகுனது கரண்ட் உள்ள வந்த இடம். படக முழுக வைக்கிறது அது வெளிய போன இடம், அது பெரும்பாலும் தண்ணிக்கு கீழ, இல்லனா சரியா தண்ணிக்கோட்டுல இருக்கும்.

ஏன் அப்படின்னு கொஞ்சம் சொல்லிடறேன், அது புரிஞ்சிட்டா எங்க எங்க தேடணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். ஒரு சாதாரண மின்னல்ல 30,000 ஆம்பியர் அளவுக்கு கரண்ட் வரும், பெருசா இருந்தா 2 லட்சம் ஆம்பியர் வரைக்கும் போகும், நேரம் மட்டும் ரொம்ப ரொம்ப கம்மி. அலுமினிய மாஸ்ட் இத சுலபமா தாங்கும், அது நல்ல கடத்தி, அதனால தான் உங்க மாஸ்ட் பாக்க நல்லா இருக்கு. சிக்கல் மாஸ்ட்டோட அடியில ஆரம்பிக்குது. அங்கேர்ந்து தண்ணிக்கு போக நேரான வழி இல்லனா கரண்ட் நிக்காது, தானே வழி பண்ணிக்கும். வழியில வெறும் 1 ஓம் தடை இருந்தா கூட 30,000 ஆம்பியருக்கு 30,000 வோல்ட் ஆயிடுது, கணக்கு போட்டு பாருங்க. அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு, கரண்ட் ஏறுற வேகம். நேரான கம்பியிலயே ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும், ஒரு மைக்ரோ செகண்டுக்கு 10,000 ஆம்பியர் ஏறுச்சுன்னா ஒவ்வொரு மீட்டருக்கும் 10,000 வோல்ட் நிக்கும், அது எவ்ளோ தடிமனான செம்பு கம்பியா இருந்தாலும் சரி. அதனால தான் மாஸ்ட்ல ஓடுற கரண்ட் பக்கத்துல இருக்கிற செயின்பிளேட் (மாஸ்ட்ட தாங்குற வயருங்கள படகோட கட்டுற உலோகப் பட்டை), தண்ணி டேங்க், இன்ஜின், ஸ்டீயரிங் கேபிள்னு கிடைக்கிற உலோகத்துக்கெல்லாம் குறுக்க பாயும். பக்கப் பாய்ச்சல்னு சொல்றது இதத்தான், படகுக்குள்ள இருக்கிற ஆளுங்களுக்கு அடிபடுறதும் பெரும்பாலும் இதனால தான்.

உப்புத் தண்ணியா நல்ல தண்ணியாங்கிறது இங்க பெரிய வித்தியாசம், நீங்க எதுல நின்னீங்கன்னு சொல்லல. கடல் தண்ணி கரண்ட நல்லா கடத்தும், ஏரி ஆத்துத் தண்ணி அத விட நூறு மடங்குக்கு மேல மோசம். பழைய விதியில 1 சதுர அடி உலோகத்தகடு தண்ணியில இருந்தா போதும்னு இருந்துச்சு, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துல இருந்த யூவன் தாம்சன் 1991ல அத கணக்கு போட்டு அலசி, நல்ல தண்ணியில அந்தத் தகடு பத்தவே பத்தாதுன்னு காட்டினாரு. ஏரியில நிக்கிற படகுல ஹல்லயே, அதாவது படகோட உடம்பயே, ஓட்ட போட்டுட்டு கரண்ட் வெளிய போறது அதிகமா நடக்குறது இதனால தான்.

இப்ப உங்க படகுக்கு வரேன். இன்னிக்கே, தூக்குறதுக்கு முன்னாடியே, உள்பக்கமா ஒரு சுத்து பாத்துடுங்க. தரைப் பலகைய எல்லாம் எடுத்துட்டு ஒரு நல்ல டார்ச்சோட படுத்துக்கிட்டு பாருங்க. முதல்ல ஆழமானி சென்சார். பிளாஸ்டிக் உடம்பு, தண்ணியில நேரா உக்காந்திருக்கு, அதுலேர்ந்து கேபிள் மேல ஓடுது, கரண்டுக்கு இத விட தோதான இடம் கிடைக்காது. அது மொத்தமா பிச்சிக்கிட்டு போய் ரெண்டு இன்ச் ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிக்கிறதும் உண்டு, ஆனா அது தானா தெரிஞ்சிடும். எனக்கு பயம் மத்தது தான். ஒரு படகுல நான் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது: சென்சார் இருந்த இடத்துலயே இருக்கு, தொட்டா ஆடல, அதச் சுத்தி ஹல்லுல மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பா ஒரு வளையம், விரல வெச்சா லேசா ஈரம். வெளிய தூக்கி பாத்தா அந்த வளையத்துக்குள்ள ஃபைபர் லேயர் லேயரா பிரிஞ்சு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டுனா டொக் டொக்னு காலியான சத்தம் வந்துச்சு. ஓனர் அதுக்குள்ள ஆறு நாள் ஓட்டியிருந்தாரு. நல்ல அலையில ஒரு தடவ மாட்டியிருந்தா அந்தத் துண்டு அப்படியே கழண்டிருக்கும்.

அடுத்து சீ-காக் (ஹல் ஓட்டைங்கள மூடுற வால்வு) எல்லாத்தையும் ஒண்ணு விடாம திறந்து மூடி பாருங்க. வெண்கல த்ரூ-ஹல்ல (ஹல்ல துளைச்சு மாட்டுன குழாய் முனை) கரண்ட் போயிருந்தா அத ஒட்டியிருக்கிற சீலண்ட் கருகியிருக்கும், பாக்க முழுசா இருக்கும், தண்ணிய தடுக்கிற வேலைய பாதியா தான் செய்யும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சரியான அளவுல மரக்கட்டை அடைப்பான் கயித்துல கட்டி தொங்கவிடுங்க, தூக்குற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும். பில்ஜ் பம்ப்போட மிதவை ஸ்விட்ச கையால தூக்கி பம்ப் ஓடுதான்னு பாத்துக்கோங்க, ஏன்னா இடியில அதுவும் போயிருக்கலாம், இப்ப பில்ஜ் காஞ்சிருக்கிறதால அது ஓடாததே உங்களுக்கு தெரியாது.

தூக்குனப்பறம் தண்ணிக்கோட்ட ஒட்டி ஒரு அடி மேலயும் ஒரு அடி கீழயும் சுத்தி வாங்க, வேகமா நடந்து இல்ல, முட்டி போட்டு. ஊசியால குத்துன மாதிரி சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கும், சுத்தி ஒரு பொட்டு கருப்பு, அவ்ளோ தான். மின்னல் கரண்ட் தண்ணிக்குள்ள போனதும் மேற்பரப்புல தான் பரவப் பாக்கும், அதனால தண்ணிக்கோட்டுக்கு பக்கமா வெளிய வர அதுக்கு இஷ்டம் ஜாஸ்தி. வெளிய ஒரு பொட்டா தெரியிறது உள்ள ஃபைபர்குள்ள உள்ளங்கை அகலத்துக்கு போயிருக்கலாம், லேமினேட்ல சிக்கியிருக்கிற ஈரம் அந்தச் சூட்டுல ஒரே நொடியில ஆவியாகி லேயர உள்ளேர்ந்து வெடிக்க வைக்குது. அதனால பொட்டு மேல புட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சிடாதீங்க, எந்த யார்ட் சொன்னாலும் சரி. ஈரம் அளக்குற மீட்டர் வெச்சு, தட்டிப் பாத்து, நல்ல ஃபைபர் வர்ற வரைக்கும் தேய்ச்சு எடுத்து அப்பறம் கட்டணும்.

கீல் (படகுக்கு அடியில கனமா நீட்டியிருக்கிற பாகம்) வெளிய போல்ட் போட்டு மாட்டுன ஈயமோ இரும்போன்னா உங்களுக்கு கொஞ்சம் நல்லது, கரண்டுக்கு பெரிய வாசல் கிடைச்சிருக்கும். கீலோட அடி முனையிலயும் பின் ஓரத்துலயும் பெயிண்ட் பொரிஞ்சு உதிர்ந்திருக்கான்னு பாருங்க, கீல் போல்ட் தலைங்கள உள்பக்கம் பாருங்க. கீல் ஃபைபருக்குள்ள மூடி வெச்சதுன்னா அடிப்பகுதிய ரொம்ப கவனமா பாக்கணும், கரண்ட் அந்த உறைய கிழிச்சிட்டு தான் போயாகணும். நுண்துளை உள்ள வெண்கல எர்த் தகடு போட்டிருந்தீங்கன்னா அதையும் கழட்டி பாருங்க, அதோட துளைங்கள்ல இருக்கிற தண்ணி ஆவியாகி வெடிச்சு தகடு விரிசல் விட்டிருக்கலாம்.

ரிக்கிங், அதாவது மாஸ்ட்ட பிடிச்சிருக்கிற வயருங்க, பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க, மொத்த வயரையும் மாத்துன்னு. நான் சொல்றது, வயரோட நடு நீளத்துல சேதம் ஆகுறது கம்மி, சேருற இடத்துல தான் ஆகும். டர்ன்பக்கிள் (வயர இறுக்குற திருகு), கிளெவிஸ் பின் (இணைப்பு ஆணி), ஸ்வேஜ் (வயர் முனையில அமுக்குன குப்பி), மாஸ்ட் உச்சியில இருக்கிற உருளை, இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தளர்வா தொட்டுக்கிட்டு இருக்கிற இடங்க, அங்க தீப்பொறி பறந்து உலோகம் உருகி மணி மணியா ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வெச்சு பாத்தா கடுகு சைஸ்ல பளபளன்னு ஒரு உருண்டை, பக்கத்துல ஒரு குழி. அது இருந்தா அந்த பாகத்த யோசிக்காம மாத்துங்க. வயரே 10 வருஷத்துக்கு மேல பழசுன்னா எப்படியும் மாத்த வேண்டிய நேரம் தான், இந்த சாக்குல மாத்திடுங்க. உச்சிக்கு ஒரு ஆள ஏத்துங்க, அதுக்கு முன்னாடி எந்த கயித்துல ஏத்தப் போறீங்களோ அத முழுசா இறக்கி தடவிப் பாருங்க, உச்சியில மடங்கி கிடந்த இடத்துல உள்நூல் உருகி கட்டி தட்டியிருந்தா அது ஆளோட எடைய தாங்காது. மாஸ்ட் கார்பன்னா கதையே வேற, கார்பன் அலுமினியம் மாதிரி கடத்தாது, சூடாகி உள்ள லேயர் பிரியும், கண்ணால பாத்து சொல்லவே முடியாது, அல்ட்ராசவுண்ட் டெஸ்ட் எடுத்தே ஆகணும்.

எலக்ட்ரானிக்ஸ் நீங்களே பாத்துட்டீங்க. ஆனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகுதுங்கிறத வெச்சு இன்ஜின் பக்கம் நல்லா இருக்குன்னு எடுத்துக்காதீங்க. ஆல்டர்னேட்டர்ல இருக்கிற டயோடுல ஒண்ணு ரெண்டு மட்டும் போயிருக்கும், சார்ஜ் ஆகும், பாதி தான் ஆகும். பேட்டரி வோல்ட் காட்டும், லோடு குடுத்தா படுத்துடும். கரண்ட் ப்ரொப்பெல்லர் தண்டு வழியா போயிருந்தா கியர்பாக்ஸ் பேரிங்ல குழி விழுந்து பல மணி நேரம் ஓடுனப்பறம் தான் சத்தம் குடுக்கும். வயருங்களும் அப்படித்தான், இன்சுலேஷன் ஒரு இடத்துல மட்டும் பலவீனமாகி இன்னிக்கு ஓடும், மூணு மாசத்துல ஈரத்துல ஷார்ட் ஆகும். மாஸ்ட்டுக்குள்ள ஓடுற வயர மெக்கர் (அதிக வோல்ட் குடுத்து இன்சுலேஷன அளக்குற மீட்டர்) வெச்சு டெஸ்ட் பண்ணாம மறுபடியும் புது கருவிய அதுல மாட்டாதீங்க. மெக்கர் போடும்போது ரெண்டு முனையையும் கருவிலேர்ந்து கழட்டிடணும், இல்லனா தப்பிச்ச கருவிய நீங்களே கொன்னுடுவீங்க.

ஃபியூஸ் எல்லாம் நல்லா இருக்கே, அப்பறம் எப்படி கருவி மட்டும் போச்சுன்னு கேப்பாங்க. ஃபியூஸ் உருகுறதுக்கு எடுத்துக்கிற நேரத்துல மின்னல் வந்து போயே முடிஞ்சிருக்கும். அதோட, கருவிய கெடுத்தது அந்த வயர் வழியா வந்த கரண்டா இருக்கணும்னே இல்ல. மாஸ்ட்ல ஓடுற அந்த பெரிய கரண்ட சுத்தி காந்தப்புலம் எகிறும், படகுக்குள்ள வளையமா சுத்தி வர்ற ஒவ்வொரு வயர்லயும் அது ஒரு வோல்டேஜ தூண்டும். பக்கத்து படகுல இடி விழுந்து உங்க படகுல கருவி போறது இதனால தான்.

திசைகாட்டிய மறந்துடாதீங்க, இத யாருமே சொல்றதில்ல. மின்னல் போன வழியில இருக்கிற இரும்புல காந்தம் ஏறிடும், இரும்பு கீல், இன்ஜின், ஸ்டீல் சாமான் எதுல வேணா. திசைகாட்டி ஊசி சுத்துறத பாத்தா நல்லா இருக்கிற மாதிரி தான் இருக்கும், காட்டுற திசை மட்டும் தப்பா இருக்கும். உங்க ஜிபிஎஸ்ஸும் போயிருந்தா, அந்த நிலைமையில திசைகாட்டிய நம்பி ராத்திரியில பாறை இருக்கிற பக்கம் போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தெரிஞ்ச ரெண்டு அடையாளத்த நேர்கோட்டுல வெச்சு, எட்டு திசையிலயும் படக திருப்பி, விலகல எழுதி வெச்சு புது அட்டவணை போடுங்க.

இன்ஷூரன்ஸ் விஷயத்துல அவசரப்படாதீங்க, இதுல ஜனங்க நிறைய பணத்த இழக்குறாங்க. செத்துப்போன கருவி ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க, கருகுன வயர் துண்டு உட்பட. சீரியல் நம்பரோட போட்டோ எடுத்து வைங்க. சர்வேயர் வரும்போது படகு தண்ணிக்கு வெளிய இருக்கணும்னு கேளுங்க. முழு முடிவுன்னு போட்ட பேப்பர்ல கையெழுத்து கேட்டா, பின்னால தெரிய வர்ற மறைஞ்ச சேதத்துக்கும் கேக்கலாம்னு எழுத்துல வாங்கிக்கிட்டு அப்பறம் போடுங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு படகுல ரெண்டு வாரத்துல க்ளைம் முடிச்சு செக் வாங்கிட்டாங்க, அடுத்த நாலு மாசத்துல ஒண்ணொண்ணா இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் போர்டு போச்சு, எல்லாம் கை காசு.

இனிமே விழாம இருக்க என்ன வழின்னு கேட்டீங்க. விழாம தடுக்க வழி இல்ல, யாராவது இருக்குன்னு சொல்லி வித்தா வாங்காதீங்க. மாஸ்ட் உச்சியில பிரஷ் மாதிரி கம்பி முடி வெச்ச சாமான் விக்கிறாங்க, மின்னேத்தத்த காத்துல கரைச்சிடும்னு சொல்லி, அது இடிய தடுத்ததா நிரூபணம் கிடையாது. விரிஞ்ச தண்ணியில நீங்க தான் உயரமான பொருள், மேகத்துலேர்ந்து இறங்குற மின்னல் கடைசி சில பத்து மீட்டர்ல தான் எங்க விழணும்னு முடிவாகுது, அப்ப உங்க மாஸ்ட்லேர்ந்தும் ஒரு பொறி மேல கிளம்பும், ரெண்டும் சேந்துடும். அமெரிக்காவுல போட்யூஎஸ்ங்கிற படகு இன்ஷூரன்ஸ் அமைப்போட க்ளைம் கணக்குல ஒத்தை ஹல் பாய்மரப் படக விட, ரெண்டு ஹல் இருக்கிற கட்டமரான் மாதிரி படகுங்களுக்கு இடி விழுறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு, அதுங்களோட ஓனருங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

நம்மால முடிஞ்சது வழி போட்டு குடுக்கிறது. இது புது விஷயமும் இல்ல. மரப் பாய்மரம் இருந்த காலத்துல கப்பலுங்க செப்புச் சங்கிலிய பெட்டியில வெச்சிருப்பாங்க, புயல் வரும்போது எடுத்து மேல ஏத்தணும், ஆனா இடி இடிக்கும்போது அத தூக்கிக்கிட்டு மேல ஏற யாருக்கு மனசு வரும், பெரும்பாலும் பெட்டியிலயே தான் கிடக்கும். வில்லியம் ஸ்னோ ஹாரிஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் செப்புப் பட்டைய மாஸ்ட்டோடயே நிரந்தரமா பதிச்சு கீல் வரைக்கும் கொண்டு போகணும்னு வருஷக்கணக்கா போராடுனாரு. 1831ல டார்வின் போன பீகிள் கப்பல்ல அந்த அமைப்பு இருந்துச்சு. 1840கள்ல பிரிட்டிஷ் கடற்படை அத எல்லா கப்பலுக்கும்னு ஏத்துக்கிச்சு. இப்ப ஷ்ரவுட்ல (மாஸ்ட்ட பக்கவாட்டுல பிடிக்கிற வயர்) ஜம்பர் கேபிள மாட்டி மறு முனைய தண்ணியில தொங்கவிடுறவங்க இருக்காங்க, சும்மா இருக்கிறதுக்கு அது மேல்னு தான் சொல்லலாம், தண்ணிய தொடுற பரப்பு ரொம்ப கம்மி, அதோட அந்தப் பழைய சங்கிலி மாதிரியே தேவைப்படுற அன்னிக்கு லாக்கர்ல இருக்கும்.

சரியான வேலைன்னா மாஸ்ட் அடியிலேர்ந்து கீல் போல்ட்டுக்கு நேரா, குறைஞ்சது 21 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள், வளைவு வந்தா 20 சென்டிமீட்டர் ஆரத்துக்கு குறையாம, பைப் மாதிரி 90 டிகிரி மடக்கவே கூடாது. உங்க மாஸ்ட் டெக் மேல நிக்கிற வகைன்னா இந்த கேபிள் இருக்கான்னு முதல்ல பாருங்க, நிறைய படகுல கீழ தாங்குற தூண் மரமா இருக்கும், கரண்டுக்கு அங்க பாதையே இருக்காது. செயின்பிளேட், ஓரக் கம்பி, டேங்க் எல்லாத்தையும் இதோட சேத்து கட்டணும், அப்ப தான் ஒண்ணுக்கொண்ணு வோல்டேஜ் வித்தியாசம் குறைஞ்சு பக்கப் பாய்ச்சல் குறையும். நல்ல தண்ணியில இருக்கிறவங்க கீல் ஒண்ண மட்டும் நம்பாம தண்ணிக்கோட்ட ஒட்டி ரெண்டு பக்கமும் கூடுதல் வெளியேறும் முனைங்க வைக்கிறது நல்லது. சர்ஜ் அரெஸ்டரும் (திடீர்னு எகிறுற வோல்டேஜ தடுக்கிற கருவி) போடுங்க, நேரா விழுற இடிக்கு அது தாங்காது, பக்கத்துல விழுறதுக்கு நிஜமாவே உதவும்.

இடி சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் ஆன்டெனா கேபிள கருவிலேர்ந்து கழட்டி தள்ளி வைங்க, கரை கரண்ட் கேபிள கழட்டிடுங்க, கையில பிடிக்கிற விஎச்எஃப், ஒரு போன், ஒரு சின்ன ஜிபிஎஸ் இத மைக்ரோவேவுக்குள்ளயோ சமையல் ஓவனுக்குள்ளயோ வெச்சு மூடிடுங்க. ஆளுங்க கேபினுக்குள்ள, மாஸ்ட்டையும் செயின்பிளேட்டையும் விட்டு தள்ளி, ரெண்டு கையால ரெண்டு உலோகத்த ஒரே நேரத்துல தொடாம உக்காரணும். யாருக்காவது அடிபட்டு மூச்சு நின்னுடுச்சுன்னா உடனே தொட்டு நெஞ்ச அமுக்க ஆரம்பிக்கணும், அவங்க உடம்புல கரண்ட் தங்கியிருக்காது, அந்த பயத்துல தயங்குற நிமிஷத்துல தான் உயிர் போகுது.

ஒண்ணு விட்டுட்டேன். கரை கரண்ட் லைன்ல கால்வனிக் ஐசொலேட்டர் (எர்த் வயர் வழியா வர்ற அரிப்பு கரண்ட தடுக்கிற கருவி) இருந்தா அதையும் டெஸ்ட் பண்ணிடுங்க. இடியில அதோட டயோடு ஷார்ட் ஆயிட்டா வெளிய ஒண்ணுமே தெரியாது, விளக்கு எரியும், சார்ஜர் ஓடும், ஆனா பக்கத்து படகுங்களோட உங்க த்ரூ-ஹல்லும் ப்ரொப்பெல்லரும் எர்த் வழியா சேந்துக்கிட்டு துத்தநாக அனோடு (மத்த உலோகத்துக்கு பதிலா கரையறதுக்குன்னே மாட்டுற கட்டி) வழக்கத்த விட சீக்கிரமா கரைஞ்சு போகும். திரும்ப தண்ணியில இறக்குனதும் ஒரு மாசத்துல ஆள இறக்கி அனோட பாருங்க, பாதிக்கு மேல தின்னிருந்தா முதல்ல அந்த ஐசொலேட்டர சந்தேகப்படுங்க.